பகையாளியை வளர்த்த ஆச்சி

உமையாள் ஐந்து வருஷமாக ஒரு பகையாளியை வளர்த்து வந்தாள். சோறூட்டி அல்ல, பேசிப் பேசி.

பகையாளியின் பெயர் ஹென்ரிக் தாலே. வடமுனை அணியின் கடற்படைத் தலைவர். சண்டை என்றாலும் சமாதானம் என்றாலும் அந்தப் பக்கத்தில் அவர் சொன்னால்தான் நடக்கும். ஆள் எங்கோ பனிக்கடல் ஓரத்தில் இருந்தார். உமையாளிடம் இருந்தது அவருடைய நிழல். தாலே வாழ்நாள் முழுக்கப் பேசியது, எழுதியது, கோபப்பட்டு எழுந்து போனது என்று உளவுக்காரர்கள் அள்ளிக்கொண்டு வந்ததையெல்லாம் ஓர் இயந்திரத்துக்குள் கொட்டிச் செய்த நிழல். அதனிடம் எதைக் கேட்டாலும் தாலே என்ன சொல்வாரோ அதைச் சொல்லும். அப்படித்தான் எல்லோரும் நம்பினார்கள்.

நம்பியதற்குக் காரணமும் இருந்தது. போர் தொடங்கிய இரண்டாம் வருஷம், நிக்கோபார் பக்கம் நம் தென்கடல் அணியின் கப்பல்கள் வசமாக மாட்டிக்கொண்டன. "நாங்கள் பின்வாங்கினால் துரத்துவீரா?" என்று நிழலிடம் கேட்டார்கள். "மாட்டேன், என்னிடம் எண்ணெய் போதாது" என்றது. பின்வாங்கினார்கள். அசல் தாலே துரத்தவில்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் உயிரோடு வீடு வந்து சேர்ந்தார்கள். அன்றிலிருந்து நிழல் சொன்னதுதான் வேதவாக்கு. அந்தப் பக்கம் மட்டும் சும்மா இருக்குமா? நம்முடைய அட்மிரல் மச்சாடோவுக்கு ஒரு நிழலைச் செய்து வைத்துக்கொண்டது. அதற்கப்புறம் யாரும் யாரோடும் நேரில் பேசவில்லை. தூதரகங்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. எதிராளி என்ன சொல்வான் என்று இருந்த இடத்திலேயே தெரியும்போது, போய்க் கேட்டு மூக்கறுபடுவானேன்? கூத்தைப் பாருங்கள், இதற்குப் பெயர் ராஜதந்திரம்!

நிழலறை தூத்துக்குடி உப்பளங்களுக்கு அடியில் இருந்தது. மேலே வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல், கீழே உலக யுத்தம். உமையாள் காரைக்குடிக்காரி. போருக்கு முன்னால் நாலைந்து தேசங்களில் தூதரக வேலை பார்த்தவள். ஐம்பது வயதைத் தாண்டியாயிற்று. அந்த ஊர் வழக்கப்படி அங்கே எல்லோருக்கும் அவள் ஆச்சி. அட்மிரலுக்கும் ஆச்சி. நாளடைவில் அந்த நிழலும் அவளை ஆச்சி என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தது. அது ஒரு வேடிக்கை என்றுதான் எல்லோரும் சிரித்தார்கள்.

அவளுக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் சாத்தப்பன் மூன்றாம் வருஷத்துச் சண்டையில் கடலோடு போய்விட்டான். மிச்சம் இருந்தது மகள் தெய்வானை. டாக்டர். 'பொருநை' என்ற போர்க்கப்பலில் இருந்தாள். பொருநை இப்போது மலாக்கா நீரிணையின் வாயில் முன்வரிசையில் நின்றது. எதிரே தாலேயின் கப்பல்கள். அடி விழுந்தால் முதல் அடி பொருநைக்குத்தான். இதை யாரும் உமையாளிடம் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லணுமா என்ன? வரைபடம் அவள் மேஜை மேலேயே விரிந்து கிடந்தது.

அன்று காலை அட்மிரல் கஸ்பார் மச்சாடோ ஒரு யோசனையோடு வந்தார். உள்ளூர்க்காரர், கடற்கரைத் தெருவில் பிறந்தவர். உருவமும் பெரிசு, குரலும் பெரிசு.

"ஆச்சி, உங்க ஆளுகிட்ட இதைக் கேட்டுப் பாருங்க. ரெண்டு பேரும் கப்பலைப் பின்னால இழுத்துக்கிடுவோம். நடுவுல தானியக் கப்பல் மட்டும் போகட்டும், வரட்டும். யாரும் யாரையும் தொட வேண்டாம். சம்மதிப்பானா?"

உமையாள் நிழலின் பக்கம் திரும்பினாள். கேட்டாள்.

"வேண்டாம் ஆச்சி. இது எனக்குச் சரிப்பட்டு வராது" என்றது நிழல்.

மச்சாடோ பெருமூச்சு விட்டார். நிழலிடம் யுத்தம் பற்றிய ஒரு கேள்வியை ஒரு முறைதான் கேட்க வேண்டும். அது அவரே போட்ட சட்டம். திருப்பித் திருப்பிக் கேட்டால் நமக்கு வேண்டிய பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம், அது ஆசை, உளவு ஆகாது என்பார். நியாயமான பேச்சுதான். நிழல் மறுத்த யோசனை எதுவும் அசல் ஆளுக்குப் போகாது. மறுப்பான் என்று தெரிந்தே கேட்டால் நம் பலவீனம்தானே வெளியே தெரியும்?

"அப்போ வேற வழியில்ல. அவன் முந்துததுக்குள்ள நாம முந்தணும். சாயங்காலம் நாலு மணிக்கு அடிக்கோம்," என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பொருநையில் யார் இருக்கிறாள் என்பது அவருக்கும் தெரியும்.

அவர் உத்தரவு எழுதப் பக்கத்து அறைக்குப் போனார். உமையாள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் காபி வந்தது. ஐந்து வருஷப் பழக்கம் விடுமா? வாய் தன்பாட்டுக்குக் கேட்டது.

"என்ன தாலே, காபி குடிக்கிறீரா?"

தினமும் நடக்கிற விளையாட்டுதான். இயந்திரமாவது, காபி குடிப்பதாவது! தனியாக உட்கார்ந்து குடிக்க மனசு வராமல் என்றைக்கோ அவள் கேட்கப்போய், அதுவும் பதில் சொல்லப்போய், அப்படியே வழக்கமாகிவிட்டது.

"வேண்டாம் ஆச்சி, இருக்கட்டும்."

"அட, ஒரு வாய் குடியும்."

"இல்லை ஆச்சி, இப்பத்தான் ஆச்சு."

"அரை டம்ளராவது?"

"சரி, நீங்க இவ்வளவு சொல்றீங்க. அரை டம்ளர் போதும்."

உத்தரவோடு திரும்பி வந்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மச்சாடோவுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "அடப் பாவி! புது மாப்பிள்ளை மாதிரில்லா பிகு பண்ணுதான்! இவனா நம்மளைக் கொல்ல வந்தவன்?"

உமையாளும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சார். அசல் தாலே இப்படிச் சொல்ல மாட்டாரு."

"எப்படி?"

அவள் ஒரு பழைய படத்தைத் திரையில் ஓடவிட்டாள். போருக்கு முந்தைய ஏதோ மாநாடு. பரிமாறுகிறவன் தாலேயின் பக்கம் குனிந்து தேநீர் வேண்டுமா என்று கேட்கிறான். "வேண்டும், இரண்டு சர்க்கரை." பிஸ்கட்? "வேண்டாம்." அவ்வளவுதான். தட்டு அவர் முன்னாலேயே கடைசிவரை இருக்கிறது. அந்த மனிதர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாத்தீங்களா? அவங்க ஊர்ல வேணும்னா வேணும், வேண்டாம்னா வேண்டாம். முதல்ல வேண்டாம்னு சொல்லி, அப்புறம் மெள்ள இறங்கி வர்றது எங்க வீட்டுப் பழக்கம். காரைக்குடிப் பழக்கம்."

"எனக்குப் புரியுத மாதிரி சொல்லுங்க ஆச்சி."

"நிழல் ஒவ்வொரு பதில் சொன்னதும் நான்தானே சரி, தப்புன்னு திருத்துவேன்? அதை வச்சுத்தானே அது கத்துக்கும்? ஆரம்பத்துல எதைக் கேட்டாலும் பட்டுனு சரிம்பான், இல்லாட்டி பட்டுனு மாட்டேம்பான். எனக்கு அது மனுஷன் பேசுற மாதிரியே படலை. கேட்ட உடனே சரிங்கிறவனை எங்க பக்கத்துல நம்ப மாட்டோம். ஒண்ணு அல்பமா இருப்பான், இல்லைன்னா கள்ளனா இருப்பான். அதனால தப்பு, தப்புன்னு போட்டேன். முதல்ல வேண்டாம்னு சொல்லி, அப்புறமா சம்மதிச்சா, ஆ, இதுதான் ஆளுன்னு சரி போட்டேன். அஞ்சு வருஷமா சார். அது அப்படியே என்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டுது."

மச்சாடோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"அப்போ காலையில சொன்ன வேண்டாம்?"

"மரியாதைக்குச் சொன்ன வேண்டாம். நாம ஒரு தடவையோட நிறுத்திட்டோம். எங்க வீட்டுல ஒரு தடவை கேட்டுட்டு விட்டா அது கேட்டதாவே ஆகாது."

"கேளுங்க," என்றார் மச்சாடோ. தன் சட்டத்தைத் தானே உடைத்தார்.

அவள் கேட்டாள். வேண்டாம் என்றது. மறுபடி கேட்டாள். கொஞ்சம் இழுத்தது. மறுபடியும் கேட்டாள். "இவ்வளவு தூரம் கேக்குறீங்க. சரி ஆச்சி, கப்பலைப் பின்னால எடுத்துக்கிறேன்" என்றது.

மச்சாடோ சிலுவை போட்டுக்கொண்டார். உமையாள் அதோடு நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிற்பாடு நினைத்ததுண்டு. ஆனால் அவளால் முடியவில்லை. மூன்றாம் வருஷம், சாகோஸ் தீவுகள் பக்கம் சண்டை மூளுவதற்கு முன்னால் ஒரு யோசனை எழுதினார்கள். கிட்டத்தட்ட இதே யோசனை. நிழல் வேண்டாம் என்றது, மூடி வைத்துவிட்டார்கள். அப்புறம் சண்டை நடந்தது. அதில்தான் சாத்தப்பன் போனான். அந்த யோசனையை இப்போது எடுத்து மறுபடி கேட்டாள். விடாமல் கேட்டாள். சம்மதம் என்றது நிழல்.

"ஐயோ," என்றாள் உமையாள். மச்சாடோ எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார். பிறகு, தப்பு செய்தவன் கையை எடுப்பது போல எடுத்துக்கொண்டார். ஒரு முறைதான் கேட்கணும் என்றது அவர் அல்லவா?

கொஞ்சம் தெளிந்ததும் மச்சாடோ, "சரி ஆச்சி. சம்மதிப்பான்னு தெரிஞ்சுபோச்சுல்லா. யோசனையை அனுப்பிருவோம்," என்றார்.

"தெரியலை சார்."

"இப்பதானே அவன் சரின்னான்?"

"அவன் சொல்லலை. நான் சொன்னேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்குள்ள இருக்கிறது இப்போ நான். அது வேண்டாம்னதும் நான்தான், சரின்னதும் நான்தான். அசல் தாலே என்ன சொல்லுவாருன்னு நமக்குத் தெரியவே தெரியாது. அஞ்சு வருஷமா நம்ம மூஞ்சியையே பாத்துப் பேசிக்கிட்டு இருந்திருக்கோம்."

அட்மிரலுக்கு இது வேறு விதமாக உறைத்தது. எதிரே தாலேயின் கப்பல்கள் நிற்கின்றன. அவர் என்ன செய்வார் என்று தெரியாது. போர் தொடங்கி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தெரியாது. அவர் எழுந்து அந்தச் சின்ன அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

"கண்ணைக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்லுதீங்க. அவன்கிட்டப் போய்க் கேட்டா, நம்ம தயங்குதோம்னு தெரிஞ்சிரும். முந்தி அடிக்கலாம்னு இருந்தது போயிரும். அவன் முந்திக்கிட்டா? உங்க பிள்ள அங்கதான் ஆச்சி இருக்கா!"

"என் பிள்ள அங்க இருக்கிறதாலதான் சொல்றேன். நாலு மணிக்கு அடிச்சா நிச்சயமாப் போயிருவா. கேட்டா பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். என்னைக் கேக்க விடுங்க சார். அந்த ஆளையே கேக்குறேன்."

மச்சாடோ தான் எழுதிய உத்தரவைக் கையில் எடுத்துப் பார்த்தார். சின்ன முடிவா அது? தப்பாகிப்போனால் அவர் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் தலைமுறைக்கும் திட்டுவார்கள். கடைசியில், "பேசுங்க," என்று மட்டும் சொன்னார்.

பேசுவதற்கு ஒரு தொலைபேசிக் கம்பி இருந்தது. பிடிபட்டவர்களை மாற்றிக்கொள்வதற்காக ஒரு நடுநிலை நாடு போட்டுக்கொடுத்தது. தூசி படிந்து கிடந்தது. அந்தப் பக்கம் ஆள் பிடிக்கவே மதியமாகிவிட்டது. ஒரு வழியாக அசல் தாலே வந்தார். நடுவில் மொழிபெயர்க்கிற இயந்திரம் ஏற்ற இறக்கமில்லாத தமிழில் அவர் பேச்சைச் சொன்னது. உமையாளுக்கு அந்தக் குரல் அந்நியமாக இருந்தது. தன் தாலே இல்லை இவர் என்று உள்ளுக்குள் ஒரு சின்ன வருத்தம்கூட வந்தது, வெட்கக்கேடு!

யோசனையைச் சொன்னாள்.

"வேண்டாம்," என்றார் தாலே.

அறையில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். உமையாள் மறுபடி சொன்னாள். இந்த முறை நயமாக, தானியக் கப்பல்களுக்காகக் காத்திருக்கிற துறைமுகங்களின் பெயரெல்லாம் சேர்த்து.

"வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்."

இவருடைய வேண்டாம் நிஜமான வேண்டாம். அது அவளுக்குத் தெரியும். இவர் காரைக்குடிக்காரர் இல்லை. மூன்றாம் தடவை கேட்டால் இறங்கி வருவார் என்று நினைக்க ஒரு முகாந்திரமும் இல்லை. மச்சாடோ கையைக் காட்டி, போதும் என்றார். உமையாள் அவரைப் பார்க்காமல் ஒலிவாங்கியை இழுத்து வாயருகே வைத்துக்கொண்டாள்.

"தாலே அவர்களே, எங்களிடம் உங்கள் நிழல் ஒன்று இருக்கிறது. உங்களுக்கே தெரியும். அது கெட்டுப்போய்விட்டது. கெடுத்தது நான்தான். நீங்கள் அடுத்து என்ன செய்வீர்கள் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரியாததால்தான் கேட்கிறேன். முன்வரிசையில் இருக்கிற கப்பலில் என் மகள் இருக்கிறாள். கப்பல்களைப் பின்னால் எடுத்துக்கொள்ளலாமா?"

மச்சாடோவுக்கு மூச்சே நின்றுவிட்டது. படையிலேயே பெரிய ரகசியத்தை ஒரு பொம்பளை பகையாளியிடம் போட்டு உடைத்துவிட்டாள்! அவர் கம்பியைப் பிடுங்கப் பாய்ந்தார். கை பாதி வழியில் நின்றது. அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்துவிட்டது.

தாலே கேட்டார். "நான் இரண்டு முறை மறுத்தேன். நீங்கள் ஏன் இன்னும் சுடவில்லை?"

"சுட்டிருக்க வேண்டுமா?"

"எங்களிடம் இருக்கிற மச்சாடோவின் நிழல் அப்படித்தான் சொன்னது. முதல் மறுப்பிலேயே சுடுவார் என்றது. என் ஆட்கள் திருப்பிச் சுடத் தயாராக விரலை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்." கொஞ்சம் நிறுத்தினார். "அப்படியானால் எங்கள் நிழலும் தப்பு. எனக்கும் உங்களைத் தெரியாது."

தெரியாது என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட பிறகு பேச்சு எவ்வளவு சுளுவாக நடந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். எவ்வளவு தூரம் பின்வாங்குவது, யார் முதலில் திரும்புவது, தானியக் கப்பலை யார் சோதிப்பது, எல்லாவற்றையும் மச்சாடோவே உட்கார்ந்து பேசினார். குரல் உயர்ந்தது, தாழ்ந்தது, ஒரு முறை கம்பியை வைத்துவிட்டுப் போகப்போவதாகக்கூட மிரட்டினார். ஆனால் பேசினார். நாலு மணி வந்தது, போனது. நீரிணையில் ஒரு குண்டும் வெடிக்கவில்லை. முதலில் திரும்பிய கப்பல் பொருநை. வரைபடத்தில் அந்தப் புள்ளி அசைந்து பின்னால் வருவதைப் பார்த்து உமையாள் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினாள்.

எல்லாம் முடிந்த பிறகு தாலே, "என் நிழலைக் கெடுத்த அம்மாளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும்," என்றார். உமையாள் ஒலிவாங்கியை வாங்கியதும் சொன்னார்:

"மூன்றாம் வருஷம் சாகோஸ் சண்டைக்கு முன்னால் நாங்களும் இதே யோசனையை எழுதினோம். உங்கள் அட்மிரலின் நிழலிடம் கேட்டோம். உடனே சரி என்றது. அதனால் அனுப்பவில்லை."

"சரி என்றால் அனுப்ப வேண்டியதுதானே?"

"எப்படியும் சம்மதிக்கப்போகிறவர் தானாகவே வந்து கேட்பார் என்று நினைத்தோம். முதலில் கேட்கிறவர் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் அல்லவா? அதை நாங்கள் ஏன் செய்ய வேண்டும்? காத்திருந்தோம். நீங்கள் கேட்டிருந்தால் அன்றே ஒத்துக்கொண்டிருப்பேன். சண்டைதான் வந்தது. என் தம்பி மகன் அதில் போனான்."

மறுப்பார்கள் என்று தெரிந்ததால் இவர்கள் கேட்கவில்லை. சம்மதிப்பார்கள் என்று தெரிந்ததால் அவர்கள் கேட்கவில்லை. உமையாள் என்னவோ பதில் சொல்லிவிட்டு வைத்தாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை.

மறுநாள் பொழுது விடிந்து கொஞ்ச நேரத்தில் பொருநையிலிருந்து தெய்வானை பேசினாள். குரலில் உற்சாகம் தாங்கவில்லை.

"ஆத்தா! கப்பலே கூத்தாடுது. நேத்து மத்தியானம் உனக்குக் கடைசியா ரெண்டு வார்த்தை பேசி வச்சிடலாம்னு நினைச்சேன், தெரியுமா? இங்க ஆளாளுக்குக் கதை விடுறாங்க. நிஜமா எப்படி ஆத்தா முடிஞ்சுது?"

"கேட்டோம்டி. நேரா அந்த ஆளையே கேட்டோம்."

"கேட்டீங்களா? அவ்வளவேதானா?" தெய்வானை வாய்விட்டுச் சிரித்தாள். "நல்ல ஆளுங்க போ! கேட்டாலே போதும்னா அண்ணன் இருந்தப்பவே கேட்டிருக்கலாமே."

உமையாள் மேஜை மேலிருந்த வரைபடத்தை மெள்ளச் சுருட்டினாள்.

"ஆத்தா? லைன்ல இருக்கியா? நான் சும்மா வேடிக்கைக்குச் சொன்னேன்."

"நீ சரியாத்தான் சொன்னே தெய்வு. கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா அன்னைக்கே சரின்னிருப்பாங்க. அந்த ஆளே என்கிட்டச் சொல்லிட்டாரு."

கப்பலில் பின்னால் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். தெய்வானை அழ ஆரம்பித்ததும் அந்தப் பாட்டு நின்றது. அழாதே என்று மகளைத் தேற்ற உமையாளுக்கு வாய் வரவில்லை. அவளும் அழுதாள்.